இரும்பில் பொறித்த இலக்கம்

எண்களோடு பழகுவதே நமது ஜீவனம். ரயில்வே குமாஸ்தாவின் மேஜையைத் தேடி மனிதர்கள் வருவதைக் காட்டிலும் எண்கள் அதிகமாக வருகின்றன. சரக்கு வேகன் ஒன்றின் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும் பதினொரு இலக்கங்களை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு வண்டியின் இனத்தைச் சொல்லும். அடுத்த இரண்டு அது எந்த ரயில்வேக்கு உரியது என்பதைச் சொல்லும். அதற்கடுத்த இரண்டு கட்டப்பட்ட ஆண்டைச் சொல்லும். பின் வரும் நான்கும் அவ்வண்டியின் தனி எண். இறுதியில் நிற்கும் ஒன்று, முன்னுள்ள பத்தும் பிழையின்றி எழுதப்பட்டனவா என்று சோதித்துப் பார்ப்பதற்கு. இதிலேயே காலங் கழிப்பவருக்கு, எண் பொறித்த எந்த இரும்பைக் கண்டாலும், "நீ பிறந்தது எங்கே? பிறந்தது எப்போது?" என்று கேட்கத் தோன்றுவது இயல்பே.

அவ்வாறு கேட்கத் தொடங்கி, சில ஆண்டுகளாக ஓய்வு நேரங்களில் படித்தறிந்த விஷயம் ஒன்றை நம் சங்க அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம். பழைய யுத்தங்களில் பயன்பட்ட இயந்திரத் துப்பாக்கிகளை அவற்றின் வரிசை எண்களைக் கொண்டு இனங்கண்டு, அவை செய்யப்பட்ட காலத்தைக் கணிப்பது பற்றியது அது. குடும்பங்கள் படிக்கும் பத்திரிகையில் கொலைக் கருவியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். இதனுள் ஒரு குடும்பத்தின் மானமும் அடங்கியிருக்கிறது, அதற்கும் வருவோம். பொறுமையுடன் படிக்குமாறு வேண்டுகிறோம்.

முதலில் அறிய வேண்டியது, எண் தனியே பேசாது என்பதாகும். ரயில்வேயின் பதினொரு இலக்க முறையைப் போன்ற பொதுவான ஒழுங்கு துப்பாக்கி உலகில் இருந்ததில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும், ஏன், ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் தனித்தனி வழக்கம் இருந்தது. ஆகவே எண்ணின் அருகில் நிற்கும் மற்றைக் குறிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். மாதிரியின் பெயர், செய்த ஆலையின் பெயர், ஆண்டு, எண்ணோடு ஒட்டி வரும் எழுத்து ஆகிய நான்கும் எண்ணுக்குச் சுற்றத்தார் போன்றவை. சுற்றத்தாரை விட்டுப் பிரிந்த எண் ஊர் பேர் தெரியாத வழிப்போக்கனுக்குச் சமம்.

இதற்கு ஜெர்மானியரின் துப்பாக்கி நல்ல உதாரணம். அமெரிக்காவில் பிறந்து லண்டனில் குடியேறிய ஹைரம் மாக்சிம் என்பவர் 1884ஆம் ஆண்டு தானாகவே தொடர்ந்து சுடும் துப்பாக்கியை அமைத்தார். அதன் வழிவந்த ஒன்றை ஜெர்மன் சேனை ஏற்றுக்கொண்டு எம்.ஜி. 08 என்று பெயரிட்டது. இந்த 08 என்பது 1908ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட மாதிரி என்பதையே குறிக்கும். கையிலிருக்கும் துப்பாக்கி 1908இல் செய்யப்பட்டது என்பதை அன்று. அதே மாதிரியை இலகுவாக்கி அமைத்தது எம்.ஜி. 08/15. இதில் 15 என்பது 1915ஐச் சுட்டும். துப்பாக்கி உண்மையில் பிறந்த ஆண்டு வேறிடத்தில் இருக்கும். ஸ்பாண்டோ, எர்ஃபுர்ட் என்னும் அரசாங்க ஆயுதசாலைகளின் பெயரோ, பெர்லின் நகரத்துத் தனியார் ஆலையின் பெயரோ பொறித்து, அதனுடன் 1917, 1918 என ஆண்டும் பொறித்திருப்பார்கள். மாதிரியின் ஆண்டைப் பிறந்த ஆண்டாகக் கொள்பவர், தாத்தாவின் பெயரைத் தாங்கிய பேரனுக்குத் தாத்தாவின் வயதைச் சொல்பவர் ஆகிறார்.

இனி எண்ணுக்கு வருவோம். ஜெர்மன் ஆயுதங்கள் பலவற்றில் எண் பதினாயிரத்தைத் தாண்டி வளர்வதில்லை. ஒன்றில் தொடங்கிய வரிசை பதினாயிரத்தை எட்டியதும், மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கி, அடையாளத்துக்கு ஓர் எழுத்தைப் பின்னால் சேர்ப்பார்கள். அந்த வரிசையும் முடிந்தால் அடுத்த எழுத்து வரும். புத்தாண்டு பிறந்தால் பழையபடி ஒன்றிலிருந்து தொடங்குவதும் உண்டு. இதனால் ஒரே எண் பல துப்பாக்கிகளுக்கு அமையும். ஆலை, ஆண்டு, எழுத்து, எண் என நான்கும் ஒருசேரப் பொருந்தும்போதுதான் ஒரு தனித் துப்பாக்கி நம் முன் வந்து நிற்கிறது. அவ்வாறு நான்கும் கிடைத்துவிட்டால், அந்த ஆண்டின் தொடக்கத்தில் செய்யப்பட்டதா, கடைசியில் செய்யப்பட்டதா என்பதைக்கூட எழுத்தின் வரிசையைக் கொண்டு ஒருவாறு ஊகிக்கலாம். உள்ளுறுப்புகளிலும் அதே எண்ணையோ, அதன் கடைசி இலக்கங்களையோ பொறிக்கும் வழக்கம் இருந்தது. எல்லா உறுப்புகளின் எண்ணும் ஒத்திருந்தால் அது பிறந்த மேனியாக இருக்கும் துப்பாக்கி. ஒவ்வாதிருந்தால் பல துப்பாக்கிகளின் உறுப்புகளைக் கொண்டு கூட்டியது என்று அறியலாம்.

ஹிட்லர் ஆட்சிக் காலத்தில் ஆலைகளின் பெயரை மறைக்க முற்பட்டனர். பெயருக்குப் பதிலாக முதலில் எண்களையும், பின்னர் இரண்டு மூன்று எழுத்துகளையும் சங்கேதமாகப் பொறித்தனர். எம்.ஜி. 34 என்னும் துப்பாக்கியில் 'டி ஓ டி' என்று மூன்று எழுத்துகள் இருந்தால், அது செக்கோஸ்லோவாகியாவை விழுங்கிய பின் ஜெர்மானியர் வசப்பட்ட பிர்னோ நகரத்து ஆலையின் படைப்பு. 'பி என் இஸட்' என்றிருந்தால் ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஆலையின் படைப்பு. இந்தச் சங்கேதங்களின் பட்டியல் யுத்தத்திற்குப் பின் வெளியாகிவிட்டமையால் இன்று மாணவரும் அவற்றைப் படித்துவிடலாம்.

பெயரை மறைத்தார்களே ஒழிய, வரிசையாக எண்ணிடும் பழக்கத்தை அவர்கள் விடவில்லை. அந்தப் பழக்கமே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மனி மாதந்தோறும் எத்தனை டாங்கிகள் செய்கிறது என்பதை நேச நாட்டார் அறிய விரும்பினர். ஒற்றர்களின் செய்தியும் மற்ற வதந்திகளும் பேரெண்களைச் சொல்லின. லண்டனிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தின் பொருளாதாரப் போர்ப் பிரிவினரோ வேறு வழி கண்டனர். பிடிபட்ட டாங்கிகளின் உறுப்புகளில், சிறப்பாகப் பற்சக்கரப் பெட்டிகளில், பொறித்திருந்த வரிசை எண்களைத் திரட்டிக் கணக்கிட்டனர். டயர், லாரி, துப்பாக்கி, ராக்கெட் முதலியவற்றையும் இம்முறையிலேயே ஆராய்ந்தனர்.

அந்தக் கணக்கின் அடிப்படை பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். எண்கள் ஒன்றிலிருந்து இடையறாது செல்கின்றன என்று கொள்வோம். ஐந்து துப்பாக்கிகள் கிடைத்தன. அவற்றின் எண்கள் 32, 77, 118, 190, 240. இவற்றுள் பெரியதாகிய 240ஐ ஐந்தால் வகுக்க 48 வரும். 240உடன் 48ஐக் கூட்டி ஒன்றைக் கழித்தால் 287. செய்யப்பட்ட துப்பாக்கிகள் ஏறக்குறைய இத்தனை என்று மதிப்பிடலாம். கிடைத்த எண்களுக்கிடையே சராசரியாக எவ்வளவு இடைவெளி உண்டோ, அவ்வளவு இடைவெளி கடைசி எண்ணுக்கு அப்பாலும் இருக்கலாம் என்பதே இதன் கருத்து.

பலன் என்ன? 1941 ஜூன் மாதத்தில் ஜெர்மனி 1,550 டாங்கிகள் செய்ததாக ஒற்றர் வழி வந்த மதிப்பு கூறிற்று. வரிசை எண் கணக்கோ 244 என்றது. யுத்தம் முடிந்தபின் ஜெர்மானியரின் ஏடுகளைப் புரட்டியபோது உண்மைத் தொகை 271 என்று கண்டனர். 1942 ஆகஸ்டில் ஒற்றர் மதிப்பு மீண்டும் 1,550, எண் கணக்கு 327, உண்மை 342. இம்முடிவுகளை ரிச்சர்ட் ரக்கிள்ஸ், ஹென்றி புரோடி என்னும் இருவர் 1947இல் வெளியிட்டனர். ஊர் வாய் ஐந்து மடங்கு பெருக்கிச் சொன்னதை இரும்பில் இருந்த எண் ஏறத்தாழ உள்ளபடி சொல்லிற்று. இந்தப் பாடத்தை அன்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறோம், பின்னால் தேவைப்படும்.

நம் நாட்டோடு நெருங்கிய தொடர்புடைய இயந்திரத் துப்பாக்கி பிரென் ஆகும். பிர்னோ நகரில் வாக்லாவ் ஹோலெக் என்பவர் வகுத்த துப்பாக்கியைத் தழுவி, இங்கிலாந்தின் என்ஃபீல்டு ஆயுதசாலை 1937இல் இதைச் செய்யத் தொடங்கிற்று. பிர்னோவின் முதலெழுத்துகளும் என்ஃபீல்டின் முதலெழுத்துகளும் கூடிப் பிரென் என்ற பெயர் உண்டாயிற்று. யுத்தம் முற்றியபோது கனடாவின் டொராண்டோ நகரிலும், ஆஸ்திரேலியாவின் லித்கோவிலும், வங்காளத்தின் இச்சாப்பூரிலும் பிரென்கள் செய்யப்பட்டன.

சியால்டாவிலிருந்து ராணாகாட் செல்லும் பாதையில் இச்சாப்பூர் நிலையத்தைக் கடந்து சென்ற தமிழன்பர்கள் பலர் இருப்பர். அங்குள்ள துப்பாக்கித் தொழிற்சாலை 1904இல் ஏற்பட்டது. ஆர்.எஃப்.ஐ. என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள் அதன் முத்திரை. பிரென் வருவதற்கு முன்பே, 1933இல் இந்தியச் சேனை விக்கர்ஸ்-பெர்த்தியர் என்னும் இலகு இயந்திரத் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. அதுவும் இச்சாப்பூரில் செய்யப்பட்டதே. இரண்டுக்கும் வளைந்த தோட்டாப் பெட்டி மேற்புறத்திலேயே பொருத்தப்படுவதால், பழைய படங்களில் ஒன்றை மற்றொன்றாகக் கருதி மயங்குவோர் உளர். ஆலையின் முத்திரையையும் மாதிரியின் பெயரையும் படித்தால் மயக்கம் தீரும். அம்பின் தலை போன்ற குறி பிரிட்டிஷ் அரசாங்கத்தின் உடைமை என்பதற்கு அடையாளம். அதன் கீழ் 'ஐ' என்னும் ஆங்கில எழுத்து இருந்தால் இந்திய அரசாங்கத்தின் உடைமை என்று பொருள்.

பிரென்னின் காலத்தைக் கணிப்பதில் இரண்டு இடர்கள் உண்டு. ஒன்று, மாதிரிக்குப் பின் வரும் 'மார்க்' எண். மார்க் ஒன்று, இரண்டு, மூன்று என்பவை அமைப்பில் செய்த மாறுதல்களைக் குறிக்குமேயன்றி ஆண்டைக் குறிக்கமாட்டா. மற்றொன்று பழுதுபார்த்த குறி. நம் வேகன்களைப் பணிமனைக்கு அனுப்பி முழுமையாகப் பழுதுபார்த்துத் திருப்பும்போது, பி.ஓ.எச். என்று பணிமனையின் குறியையும் தேதியையும் எழுதுவது ரயில்வே ஊழியர் அனைவரும் அறிந்ததே. அதைக் கட்டிய தேதியென்று எவரும் கொள்ளமாட்டார். துப்பாக்கியிலும் அப்படியே எஃப்.டி.ஆர். என்று பொறித்து ஓர் ஆண்டு போட்டிருப்பார்கள். தொழிற்சாலையில் முழுமையாகப் பழுதுபார்த்தது என்பது அதன் பொருள். பிரிட்டனில் 1950களின் பிற்பகுதியிலிருந்து, பழைய பிரென்கள் பலவற்றை 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்ப மாற்றிப் புதுப்பெயரும் பொறித்தார்கள். 1943இல் பிறந்த துப்பாக்கி புதுச்சட்டை அணிந்து நின்றது. சட்டையைப் பார்த்து வயது சொல்லலாகாது. அடியில் அழியாது நிற்கும் பழைய எழுத்தையும் எண்ணையும் தேடிப் படிக்க வேண்டும்.

முன்னர்க் குறித்த குடும்ப விஷயத்துக்கு இப்போது வருகிறோம். நமது தாய்வழிப் பாட்டனார் இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா முனையில் பணியாற்றியவர். காலாட்படையில் ஒரு பிரிவுக்கு ஒரு பிரென் என்ற கணக்கில் கொடுத்தார்கள். தம் பிரிவின் பிரென்னைச் சுமந்தவர் அவர். யுத்தம் முடிந்து, பதவி உயர்வு ஏதுமின்றி ஊர் திரும்பினார். அதற்குக் காரணம் கற்பித்து உறவினரிடையே ஒரு பேச்சு உலவி வந்தது. பகைவர் நெருங்கியபோது துப்பாக்கியை ஆற்றில் எறிந்துவிட்டு ஓடியவர் அவர் என்பதே அந்தப் பேச்சு. சிப்பாய் தன் ஆயுதத்தை இழப்பது பெருங்குற்றம். கலியாண வீடுகளில் பந்தி முடிந்து வெற்றிலை போடும் வேளையில் இந்தக் கதை எழும். நம் தாயார் எழுந்து உள்ளே சென்றுவிடுவார். பாட்டனார் இருந்தவரை இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. அவருடைய மௌனத்தையும் சிலர் சாட்சியாக்கிக்கொண்டனர்.

அவர் காலமாகிப் பல ஆண்டுகளுக்குப் பின், தகரப் பெட்டியின் அடியில் அவருடைய சட்டைப்பை நோட்டுப் புத்தகம் கிடைத்தது. ஊருக்கு அனுப்பிய மணியார்டர் தொகைகள், நண்பர்களின் விலாசங்கள், வாங்கிய கடன், கொடுத்த கடன் எல்லாம் பென்சிலால் எழுதியிருந்தன. அவற்றினிடையே மூன்று வரிகள். 1944 ஏப்ரல் என்று போட்டு, 'பிரென் 4718'. ஜூன் என்று போட்டு, 'பிரென் 2096'. செப்டம்பர் என்று போட்டு, மறுபடியும் 'பிரென் 4718'. வேறு விளக்கம் ஒன்றும் இல்லை.

முதலில் அந்தத் துப்பாக்கி பிறந்த இடத்தைக் கண்டுபிடிக்க முயன்றோம். சீமையிலிருந்து வந்ததா, இச்சாப்பூரில் செய்ததா என்று அறிய ஆவல். ஆனால் பாட்டனார் நான்கு இலக்கங்களை மட்டுமே குறித்திருந்தார். முன்னெழுத்தும் இல்லை, ஆலையின் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. மேலே சொன்ன சுற்றத்தார் ஒருவரும் உடன்வராத எண் அது. அதைக் கொண்டு பிறந்த ஊரையோ ஆண்டையோ கூறுவது நேர்மையாகாது. கூறத் துணிபவர் இருந்தால் அவரை நம்பவேண்டாம்.

ஆயினும் அந்த எண் வேறொன்றைச் சொல்லிற்று. ஏப்ரலில் அவர் கையிலிருந்த 4718 ஜூனில் அவரிடம் இல்லை. ஊர்ப்பேச்சு இதுவரையில் பொருந்துவது போலவே தோன்றும். ஆனால் செப்டம்பரில் அதே 4718 அவர் கைக்குத் திரும்பியிருக்கிறது. ஆற்றோடு போன துப்பாக்கி மூன்று மாதங் கழித்துத் தன்னைச் சுமந்தவனையே தேடி வருமா? பழுதுபார்க்கப் பட்டறைக்கு அனுப்பப்பட்ட துப்பாக்கியே அவ்வாறு திரும்பும். இடையில் மாற்றாகக் கொடுத்ததே 2096. பணிமனைக்குப் போன வேகன் திரும்பி வருவதை நாள்தோறும் ஏட்டில் பதிபவருக்கு இது விளங்கச் சிரமமில்லை.

எழுத்தில்லாத எண்ணாயிற்றே, வேறொரு துப்பாக்கிக்கும் அதே நான்கு இலக்கம் அமைந்திருக்கலாகாதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி, நாமும் அதைக் கேட்டுக்கொண்டோம். நான்கு இலக்கத்தில் ஏறக்குறையப் பதினாயிரம் எண்கள் அடங்கும். தற்செயலாக அவர் கைக்கு வந்த வேறொரு பிரென்னுக்கும் 4718 என்றே அமைவதற்குப் பதினாயிரத்தில் ஒரு பங்கே இடமுண்டு. அந்த ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதரைக் கோழை என்று சொல்லலாமா? எழுபது ஆண்டுகள் ஊர் வாய் சொன்னதை நான்கு இலக்கங்கள் மறுத்துவிட்டன.

புத்தகத்தை நம் தாயாரிடம் காட்டி விவரத்தைச் சொன்னோம். அவர் அந்த மூன்று வரிகளையும் விரலால் தடவிப் பார்த்தார். பின்னர், "எங்கப்பா தொலைக்கல்லேன்னு எனக்குத் தெரியும்டா. ஆனா இதை உங்க பெரியமாமா கிட்ட ஒரு தடவை சத்தமாப் படிச்சுக் காட்டிடு" என்றார். அவ்வாறே செய்தோம். பெரியமாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாமே ஒருமுறை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் நாம் இருந்த பந்தி எதிலும் அந்தக் கதை எழவில்லை.

இவ்விஷயத்தில் ஆர்வமுள்ள இளைஞர்களுக்கு இரண்டொரு சொல். அருங்காட்சியகத்திலோ, ராணுவ நினைவிடத்திலோ பழைய இயந்திரத் துப்பாக்கியைக் கண்டால், அனுமதி பெற்று, எண்ணை மட்டுமன்றி அதைச் சுற்றியுள்ள எல்லாக் குறிகளையும், இருக்கும் இடத்தோடும் வரிசையோடும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எழுத்து எண்ணுக்கு முன்னால் நிற்கிறதா, பின்னால் நிற்கிறதா என்பதையும் விடாதீர்கள். விளங்காத குறியை விளங்கவில்லை என்பதற்காகத் தள்ளிவிடவேண்டாம். இன்று விளங்காதது நாளை விளங்கும். எண்ணைச் சுரண்டியோ அழித்தோ வைத்திருக்கும் துப்பாக்கி எதன் அருகிலும் செல்லற்க. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், அடையாளக் குறிகளை அழிப்பதையும், குறியில்லாத துப்பாக்கியை விற்பதையும் கைமாற்றுவதையும் குற்றமாக்கியிருக்கிறது. முகத்தை மறைத்துக்கொண்டு வருபவனை வீட்டினுள் யார் விடுவர்?

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் போன்ற குடும்பங்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டென்று கருதுகிறோம். நம் முன்னோர் எந்த ஆண்டில் எந்த ரயிலேறி இங்கு வந்தனர், எந்த ஆலையில் எந்த எண் வில்லையை அணிந்து வேலை பார்த்தனர் என்பவற்றை நம்மில் பெரும்பாலோர் செவிவழியாகவே அறிவோம். செவிவழிச் செய்தி பெருகும், சுருங்கும், சில வேளை ஒருவரைப் பழிக்கும். பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய சம்பளச் சீட்டு, ரேஷன் அட்டை, சேவைப் புத்தகம் ஆகியவற்றை எடை போட்டு விற்றுவிடாதீர்கள். அவற்றிலுள்ள எண்களை எழுத்தோடும் ஆண்டோடும் ஊர்ப் பெயரோடும் ஒரு நோட்டில் முழுமையாகப் பெயர்த்தெழுதி, பிள்ளைகளின் கையில் கொடுங்கள். இந்தத் தீபாவளி விடுமுறையிலேயே தொடங்கலாம்.